மைக் டெஸ்ட்

ஆறு தடம். ஐந்து பேர்.
காகிதத்தில் நான்காவது வரியை
நீல மையால் அடித்திருந்தார்கள்.
தடவிப் பார்த்தால்
பேனா முனை அழுத்திய பள்ளம்.

"எழுதிக் கொடுத்ததை மட்டும் படி" என்றார்
விளையாட்டு அலுவலர். பக்கத்தில்
சீருடை இல்லாத ஒருவர்
கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

நான் பேச்சாளன் இல்லை.
ராஜமாணிக்கம் சவுண்ட் சர்வீஸ், செவ்வாய்ப்பேட்டை.
கல்யாணம், காதுகுத்து, ஆடிப் பண்டிகை,
காணாமல்போன பிள்ளையின் சட்டை நிறம்
எல்லாம் என் கூம்பு வழிதான் போயிருக்கிறது.
ஊர்வலங்களுக்கும் போயிருக்கிறேன்,
வாடகைக்கு.

மாதேஸ்வரியை எனக்குக்
கால்களாகத்தான் தெரியும்.
சேர்வராயன் திருவிழாவுக்கு
ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துப் போனபோது
பதினோராவது கொண்டை ஊசியில்
பஸ் கொதித்து நின்றது.
செருப்பில்லாமல் அவள் ஏறிக் கடந்தாள்.
கண்டக்டர் விசிலடித்தார்.
திரும்பவே இல்லை.

போன தையில், மெடல் மேடையில்
கழுத்தை நீட்டவில்லை அவள்.
"பொன்னுரங்கம் அண்ணனை
எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்றாள்.
மலையைத் தோண்ட வந்த லாரிக்கு முன்னால்
உட்கார்ந்து, மிசாவில் போனவர்.
பாதிக் கேள்விதான் மைதானத்துக்குக் கேட்டது.
அதற்குள் யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.
யாரோ என்ன,
நான்தான்.

மறுநாள் பேப்பரில் அவள் படத்துக்கான இடம்
மாமாங்கத்து வெள்ளைக்கல் மேடுபோல
வெறுமையாக வந்தது.
பிறகு பட்டியலில். பிறகு
காலை ஆறு மணிக்கு மலைப்பாதையில்.

இன்று எண்ணூறு மீட்டர்.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று படித்தேன்.
"நாலு எங்கண்ணே?"
கூட்டத்திலிருந்து ஒரு பொடியன்.
சிரித்தார்கள்.
அப்புறம் சிரிக்கவில்லை.

மைக்கைத் தட்டினேன்.
மைக் டெஸ்ட்டை யாரும்
எழுதிக் கொடுப்பதில்லை.

ஹலோ. ஹலோ.
மைக் டெஸ்ட்.
மாதேஸ்வரி, ஒன், டூ, த்ரீ.
பொன்னுரங்கம். ஹலோ.
நாலாம் தடம், கேட்கிறதா?

கூம்பு அஸ்தம்பட்டி ஜெயிலைப் பார்த்திருந்தது.
காலையில் கட்டும்போதே திருப்பிவிட்டேன்.
காற்று வாட்டம் என்று
கேட்டவர்களிடம் சொன்னேன்.
மதிலுக்குள் போனதா, தெரியாது.
அவள் அங்கேதான் இருக்கிறாளா,
அதுவும் தெரியாது.

கடலை உரித்தவர் எழுந்து வந்தார்.
"யாருய்யா மாதேஸ்வரி?"
"ஆம்ப்ளிஃபயர் பேருங்க."
"பொன்னுரங்கம்?"
எச்சில் விழுங்கினேன்.
"ஸ்பீக்கருங்க."

துப்பாக்கி வெடித்தது. ஐந்து பேர் ஓடினார்கள்.
முதல் வளைவு முடியும்வரை
நாலாம் தடத்துச் சுண்ணாம்புக் கோட்டில்
ஒரு காலும் படவில்லை.
அதன்பின் எல்லோரும் உள்தடத்துக்கு வரலாம்,
விதி அப்படி.

அவர் குனிகிறார். தோலைத் தட்டிவிட்டு
ஒயரைத் தேடுகிறது கை.
எது எந்த ஒயர் என்று
அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

ஹலோ.