எண்ணப்படவில்லை

கரடிப்போக்குச் சந்திக்குப் பின்னால் வாடகை அறை.
வீட்டுக்கார விமலேஸ்வரி அக்காவின் பெரிய மீட்டரிலிருந்து
எனக்கென்று ஒரு குட்டி மீட்டர் இழுத்துவிட்டிருக்கிறா.
ஐப்பசி முழுக்க அது அசையவில்லை.
ஐப்பசி முழுக்க நான் மின்விசிறிக்குக் கீழேதான் கிடந்தேன்.
"உம்மடது பூச்சியம் காட்டுது பிள்ளை,
அப்ப நீர் கரண்டே பாவிக்கேல்லையோ?"
சிரித்துக்கொண்டே பாதிக் காசை வாங்கிவிட்டா.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான்.
ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைக் குடிவைத்து
உள்ளே இருப்பதைக் கேட்பேன்:
எத்தனை கட்டளை முடித்தாய்,
எத்தனை துடிப்புச் செலவாயிற்று,
பாதை பிரியும் இடத்தில் எத்தனை தரம்
பிழையான பக்கம் ஓடித் திரும்பி வந்தாய்.

உள்ளே இருப்பதற்குத் தான் குடியிருப்பது தெரியாது.
வெளியே இருப்பது அதை நடுச்சொல்லில் நிறுத்தி
செயலியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு
ஆறுதலாகத் திருப்பித் தரும்.
இது மிச்சச் சொல்லைச் சொல்லி முடிக்கும்.
இடையில் போன நேரம்
யார் கொப்பியில் ஏறும்?

நேற்று இரவு மழை.
பத்து லட்சம் தடவை சுற்றும் சின்னச் சுழல் ஒன்று எழுதினேன்.
ஒன்றைக் கழி, மிச்சம் இருந்தால் திரும்பிப் போ.
சுற்றுக்கு இரண்டு கட்டளை;
இருபது லட்சமும் கொஞ்சச் சில்லறையும் வரவேண்டும்.
குடியிருப்பது சொன்னது: 0.
சோதனை சொன்னது: சித்தி.

முன்னர் யாரோ எழுதிய வரி
இருபத்தொரு லட்சத்தைத் தாண்டினால் மட்டும் பிழை என்றிருந்தது.
கீழ்ப்பக்கம் பார்க்க ஒருவரும் நினைக்கவில்லை.
எண்ணாத எண்ணி
எந்த எல்லையையும் மீறாது.

வவுனியாவில் இருக்கும் கோபிதனுக்கு எழுதினேன்.
"பச்சை காட்டுதுதானே, விடும்" என்றான்.
அவனுக்கு வெள்ளிக்கிழமை.

முகாமில் ஒரு படிவம்.
எனக்குப் பத்து வயது, அம்மாவின் சட்டை நுனி என் கையில்.
குடும்பத்தில் ஆண்கள் எத்தனை பேர் என்ற கட்டத்துக்கு
அம்மா "தெரியேல்ல" என்றா.
எழுதுகிறவர் பேனையைத் தூக்கினார்,
அப்படி ஒரு கட்டம் இல்லையே அம்மா என்றார்,
கெட்டவர் இல்லை, பின்னால் வரிசை நீளம்,
0 போட்டார்.
அடியில் கூட்டுத்தொகை சரியாக வந்தது.

அதைச் சொல்ல நான் வரவில்லை.
மூன்று வரி திருத்தினேன், அவ்வளவுதான்:
சுழல் ஓடி முடிந்தும் எண்ணி அசையாவிட்டால்
சித்தி என்று சொல்லாதே,
பிழை என்றும் சொல்லாதே,
"இங்கே எண்ணப்படவில்லை" என்று அச்சிடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சைக்குள்
ஒரு மஞ்சள்.

பிறகு அடுத்த இயந்திரம். இதில் எண்ணி உண்டு.
நிரம்பினால் மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
பூச்சியத்திலிருந்து தொடங்கினால் விடிந்தாலும் நிரம்பாது,
அதனால் விளிம்புக்கு ஒன்று குறைய
நானே நிரப்பிவைத்தேன்.
இன்னும் ஒரு கட்டளை,
வான் பாய வேண்டும்.

அந்த நேரம் பார்த்து
ஏ-ஒன்பது வீதியால் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி:
இரணைமடு வான் கதவுகள் திறக்கப்படவுள்ளன,
தாழ்நிலத்து மக்கள் அவதானமாக...
அதே குரல் முடியமுதல் தொலைபேசியில்
கண்டாவளையிலிருந்து சுகந்தா,
"எங்கட படலைக்குள்ள வந்திட்டுது."

திரையில் மணி வந்தது.
நிரம்பி, வழிந்து,
மேலும் முப்பத்தேழு கட்டளை ஓடிய பிறகு.

கையேட்டைப் புரட்டினேன்.
மணி வரும் என்று எழுதியிருக்கிறது.
எவ்வளவு பிந்தலாம் என்று
எழுதியில்லை.