பதினான்கு நொடி

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த ஒரு டிசம்பரில்தான்
நான் பிரபலமானேன்.
சரக்கு வண்டி நகரவில்லை,
டிவிக்காரர்களின் வேனும் நகரவில்லை.
சும்மா இருப்பானேன் என்று
எங்கள் தெருவுக்குள் இறங்கினார்கள்.
முழங்கால் தண்ணீர். கால்வாய் நாற்றம்.
மைக்கோடு ஒரு பெண்,
பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு,
என் மகனைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும்.
"சாப்டீங்களாக்கா?" என்றாள்.
அவ்வளவுதான்.
என்னை யாரும் அப்படிக் கேட்டு
எத்தனை நாளாயிற்று என்று எண்ணப் பார்த்தேன்.
எண்ணிக்கை வரவில்லை, அழுகை வந்தது.

வீட்டை இழந்து கதறும் பெண் என்று
கீழே சிவப்புப் பட்டையில் ஓடியது.
வீடு என் முதுகுக்குப் பின்னால்
அப்படியேதான் நின்றது,
வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க.

மறுநாள் காலை மோட்டார் வந்தது.
சும்மா சொல்லக்கூடாது,
ஆறு வருஷம் மனு எழுதிய தெரு இது.
கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர்
"டிவில உன்னப் பாத்தேன் மோட்சம்" என்றார்,
பத்து வருஷமாக எதிர்வீட்டில் இருப்பவர்.

அன்று ராத்திரி சூரத்திலிருந்து போன்.
இன்னாசி. என் தம்பி.
அம்மா சாவுக்கும் வராதவன்.
மில் கேண்டீனில் டிவி பார்த்திருக்கிறான்.
"வூடு போச்சாக்கா?"
"இல்லடா."
"பின்ன ஏன் அழுத?"
சொன்னால் அவனுக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை.
காசு தீரும்வரை பேசினோம்.

பிறகு மழைக்கு மழை
என்னை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள்.
முடிச்சூர் மூழ்கினால் நான் அழுவேன்.
கடலூரில் புயல் என்றால் நான் அழுவேன்.
ஒருமுறை வெங்காய விலைக்குக்கூட அழுதேன்.
கோப்புக் காட்சி என்று மூலையில்
எறும்பளவு எழுத்து.
அந்த நீலப் புடவை தரை துடைத்து நைந்து
இங்கே ஜன்னல் கம்பியில் காய்கிறது.
டிவியில் இன்னும் புதுசு.

ரூபனின் கூட்டாளிகள்
என் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கினார்கள்.
மேட்ச் தோற்றால் நான்,
சம்பளம் வராவிட்டால் நான்.
ரூபன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
அப்புறம் அவனே அதை எனக்கு அனுப்பினான்,
குழம்பில் உப்பு இல்லை என்பதற்கு.
சிரித்துவிட்டேன்.
மீன் மார்க்கெட்டில்தான் சிரிப்பு வரவில்லை.
விலையைக் குறைக்கச் சொன்னதற்கு அவள் கேட்டாள்,
"உனுக்கு இன்னா, டிவில அழுது நல்லா வாங்கிருப்ப?"
அரைக் கிலோ கிழங்கான்.
வாங்காமல் வந்தேன்.

ஆனாலும் கார்த்திகை பிறந்தால்
போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.
வெயில் கொளுத்தினாலும் சரி,
திரையில் நான் அழுதால் இன்னாசி கூப்பிடுவான்.
"தண்ணியாக்கா?"
"பழசுடா. துணி காயப்போட்டுனுகிறேன்."
"சரி, வச்சிடவா?"
"வைக்காத."

இந்த வருஷம் நிஜமாகவே வந்தது.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிலுக்கடியில்
குண்டான் மிதந்து முட்டும் சத்தம்.
ரூபன் முதலில் தூக்கி
பரண்மேல் வைத்தது டிவியைத்தான்.
விடிந்தது. போன் வரவில்லை.
மதியமும் ஆயிற்று.
ஊரெல்லாம் நான் அழுதுகொண்டிருப்பேன், தெரியும்.
அவனும் பார்த்திருப்பான்.
பழசு என்று சோற்றைப் பிசைந்திருப்பான்.

மிச்சமிருந்த சார்ஜில் நானே அடித்தேன்.
"இன்னாசி, தண்ணிடா."
"பாத்தேன்க்கா. எப்பவும் போடறதுதான?"
"இல்லடா, வூட்டுக்குள்ள."
"நீலப் புடவதான?"
"பச்சைடா. இப்ப பச்சை கட்டினுகிறேன்."
"இரு, போட்டுப் பாக்கறேன்."
சூரத்தில் ஒரு டிவி முழித்துக்கொள்ளும் சத்தம்
என் காதுக்குள் கேட்டது.
"விளம்பரம் ஓடுது. இரு."

இருந்தேன்.
தண்ணீர் முட்டியைத் தாண்டியிருந்தது.