டஜன் விலையில்

பூட்டு மாற்றுகிறவன் நான்.
மெக்சிகோ நகரத்தில், சாந்தா மரியா பேட்டையில்,
முப்பத்தோரு வருடமாக.
காலையில் போனில் சொன்ன முகவரியைக் குறித்துக்கொண்டேன்.
எண் ஐம்பத்தெட்டு என்று
கை எழுதி முடித்த பிறகுதான்
எனக்கு உறைத்தது.

நடுவே முற்றம், சுற்றிலும் பன்னிரண்டு வீடு.
வீடு என்றால் ஒன்றரை அறை.
சிமென்ட் துவைகல் எட்டு, கழிப்பறை இரண்டு,
யாரும் தண்ணீர் ஊற்றாமல்
எல்லோரும் பறித்துக்கொண்ட ஒரு எலுமிச்சை.
மூன்றாம் எண்ணில் நாங்கள் ஆறு பேர்.

சொந்தக்காரர் தோன் எவாரிஸ்தோ
பூட்டுகளை டஜன் விலையில் வாங்கிப் போட்டிருந்தார்.
பன்னிரண்டுக்கும் ஒரே சாவி என்பது
ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வரை
யாருக்கும் தெரியாது.
அன்று நிக்காந்த்ரோ நல்ல போதையில்
தன் வீடென்று எங்கள் வீட்டைத் திறந்து
என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.
விடிந்ததும் அம்மா அவருக்கும் ஒரு முட்டை பொரித்தாள்.
பிறகு எல்லோருமாகச் சாவிகளை மேசைமேல் பரப்பி
பல்லோடு பல்லை வைத்துப் பார்த்தார்கள்.

உடனே மாற்றிவிட வேண்டும் என்றார்கள்.
பள்ளிக்கூடம் திறக்கிறது, மழை முடியட்டும்,
பிறகு பார்க்கலாம்.
பிறகு பிறகு என்றே பதினேழு வருடம்.

திருட்டும் நடந்தது, ஏன் மறைக்க வேண்டும்.
எங்கள் ரேடியோ ஏழாம் எண்ணுக்குப் போனது.
அங்கே அது பாடும்,
இங்கே நாங்கள் கேட்போம்.
ஓஃபெலியா பிரசவ வலியில் தனியாகக் கிடந்தபோது
ஐந்தாம் எண்ணின் சாவிதான் ஓடிவந்து திறந்தது.
எண்பத்தைந்தில் பூமி குலுங்கி
கதவெல்லாம் நிலையோடு இறுகிப்போன காலையில் மட்டும்
எந்தச் சாவியும் செல்லவில்லை.
தோள்தான்.

இப்போது ரெனாத்தா என்றொரு பெண் நிற்கிறாள்.
மரியாதை தெரிந்தவள்.
கேட்காமலே தண்ணீர் கொடுத்தாள்.
பூச்சைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டியிருக்கிறார்கள்.
அதே செங்கல்லை மறைக்கத்தான்
வருடா வருடம் அப்பா சுண்ணாம்பு அடித்தார்.
துவைகற்களில் கள்ளி வளர்கிறது.
எலுமிச்சை இருக்கிறது,
உடம்பெல்லாம் சின்னச் சின்ன பல்பு.

போன வருடம் ஒரு வக்கீல் கூப்பிட்டார்:
ஒன்பதாம் எண், கிழவி சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து,
இரட்டைக் கூலி.
கிழவி என்றது ஓஃபெலியாவை.
நான் போகவில்லை.
இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.
அடுத்த தெருவில்
வேறு யாருடைய ஓஃபெலியாவோ இருந்தாள்,
அங்கே போனேன்.

பெட்டியைப் பிரித்தேன்.
சாவித்துளையே இல்லாத பூட்டு.
மூன்று நாளுக்கு ஒரு விருந்தாளி,
விருந்தாளிக்கு ஒரு எண்.
"டஜனாக எடுத்தோம், விலை குறைத்தார்கள்" என்றாள் ரெனாத்தா.
சிரித்துவிட்டேன்.
ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று
என்னைப் பார்த்தாள்.

எல்லா எண்களுக்கும் அடியில்
பொருத்துகிறவன் வைக்கும் எண் ஒன்று உண்டு.
கதவுக்குக் கதவு வேறாக இருக்கட்டும் என்கிறது
கூடவே வந்த காகிதம்.
நான் பன்னிரண்டுக்கும் ஒன்றையே வைத்தேன்.
மூன்றாம் எண்ணில்
ஏனோ விரல் தவறி
இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்,
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

நிக்காந்த்ரோவுக்கு எண்பத்தொன்று.
நகரத்துக்கு வெளியே மகள் வீட்டில் இருக்கிறார்.
நடுராத்திரியில் எழுந்து
பழைய சாவியால் குளியலறைக் கதவைக் குடைகிறாராம்.
அவரிடம் மட்டும் எண்ணைச் சொல்லலாமா என்று
மெட்ரோவில் நின்றபடி யோசித்தேன்.
ஐந்து இலக்கம், மறந்துபோவார்.
மறக்காமல் வந்து திறந்தாலும்
விடிந்ததும் முட்டை பொரிக்க
அங்கே யார் இருக்கிறார்கள்.