கீச்

முவோனியோவுக்கு வடக்கே, மைனஸ் முப்பத்தொன்று.
சிக்னல் கம்பமே இல்லாத ஏரிக்கரைச் சாலையில்
சிக்னலில் நின்றதாக நடிப்பது எங்கள் வேலை.
இல்போ பிரேக்கை மிதிப்பார், என்ஜின் அடங்கும்.
வாய்க்குள் மூன்று எண்ணிவிட்டுக் காலை எடுப்பார்.
அந்த நொடியில்
ஆறு வரியோடிய கறுப்பு ரப்பர் பெல்ட் ஒன்று
தூங்கும் கிராங்க்கைக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும்.
எழுப்பியது.
அதற்கு முன் ஒரு
கீச்.

மடியில் கணினி. திரையில் இரண்டு கோடுகள்.
மோட்டார் சொல்லும் வேகம் ஒன்று,
கிராங்க் சொல்லும் வேகம் ஒன்று.
கிராங்க் ஒரு சுற்று வந்தால்
மோட்டார் இரண்டே முக்கால் சுற்று வரவேண்டும்:
புல்லிகளின் விட்டம் போட்ட ஒப்பந்தம் அது.
வகுத்துப் பார்க்க வழியில்லை,
கிராங்க் இன்னும் பூஜ்யத்தில் கிடக்கிறது.
பெருக்குவேன், கழிப்பேன்.
மிச்சம் ஏதும் இல்லையென்றால் பெல்ட் பிடித்திருக்கிறது.
மிச்சம் விழுந்தால்
மோட்டார் ஓடுகிறது, கிராங்க் அசையவில்லை,
நடுவில் ரப்பர் பொய் சொல்கிறது.

காதை நம்பிப் பயனில்லை.
கீச் என்பது கருமாதிப் பத்திரிகை;
நாற்பது மில்லிநொடி முன்பே
கோடுகள் பிரிந்துவிட்டன.

திங்கள்: மிச்சம் விழுந்த கணமே விசையைக் குறைத்தேன்.
வழுக்கல் நின்றது. என்ஜினும் நின்றது.
"அமைதியாக இருக்கிறது" என்றார் இல்போ,
கையுறைக்குள் விரல்களை ஊதியபடி.

செவ்வாய்: தலைமையகத்திலிருந்து பிர்கித்தா எழுதினாள்,
பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டினால் என்ன?
கட்டலாம். வழுக்காது.
பேரிங் மூன்றாம் வருடம் அழும்,
பெட்ரோல் தினமும் கொஞ்சம் அழும்.
அனுப்பவில்லை அந்தப் பதிலை.
"பரிசீலிக்கிறேன்" என்று அனுப்பினேன்.

இரவில் வரிகளுக்குள் உறைபனி படியும்.
காலையில் முதல் பத்துத் தடவைதான் திருட்டுத்தனம்;
சூடேறி ஈரம் காய்ந்ததும்
பெல்ட் யோக்கியன்போல் முகத்தை வைத்துக்கொள்ளும்.

புதன் நினைத்துக்கொண்டேன்:
போன பிப்ரவரியில் மாஜி மைத்துனனின் வேன் பனியில் புதைந்தது.
கயிறு தொய்ந்து கிடக்க, நான் வெடுக்கென்று இழுத்தேன்.
கயிறு அறுந்தது. என் பின்விளக்கு போனது.
அவன் அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆகவே வியாழன்:
முதலில் மெல்ல ஒரு இழுப்பு, அறுபது மில்லிநொடி.
தொய்வு வாங்கி, டென்ஷனர் கை சாய்ந்து,
எதிர்ப்பக்கம் விறைத்து நிற்கட்டும்.
பிறகு முழு விசை.
அதற்கும் மீறி வழுக்கினால் ஒரு கணக்கு ஏறும்;
கணக்கு ஏழானால்
வண்டி அன்று முழுக்க நின்ற இடத்தில் அணையாது.

வெள்ளி விடியல். விடியல் என்பது இங்கே மரியாதைக்கு.
நீலாஸின் பனிமான்கள் பதினொன்று, காதில் வெட்டுக்குறியோடு,
வளைவில் சாலை நடுவே நிற்கின்றன, வாரம் முழுக்க நின்றதுபோலவே.
இல்போ மிதித்தார், எண்ணினார், காலை எடுத்தார்.
என்ஜின் எழுந்தது,
போர்வை விலகும் சத்தம்கூட இல்லாமல்.
கோடுகள் இரண்டும் ஒட்டியே ஏறின.
மிச்சம் இல்லை.

மான்களும் அசையவில்லை.

அப்போதுதான் புரிந்தது.
திங்கள் முதல் அவை ஒதுங்கியது
எங்களைக் கண்டு அல்ல.
இல்போ ஹாரன் அடித்தார். ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது,
தெரிந்தவரைப் பார்ப்பதுபோல.
விளக்கை மினுக்கினார். கதவைத் திறந்து கைதட்டினார்.
உள்ளே வந்த குளிர் போக மறுத்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
தொடக்கம் ஐம்பத்திரண்டு. வழுக்கல் பூஜ்யம்.
தாமதம் பத்தொன்பது நிமிடம். காரணம்: மான்.

"திங்கட்கிழமைக்கு முந்திய மென்பொருள்," என்றார் இல்போ,
சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
"ஒரே ஒரு தடவைக்கு மட்டும்?"

அழித்துவிட்டேன் என்றேன்.
அழிக்கவில்லை.