ஐட்லிங்

தளியில் மார்கழி, காலை நாலரை.
ரோஜாக் கட்டுகளுக்குச் செய்தித்தாள் போர்த்தியாகிவிட்டது.
ஆம்னிக்குத்தான் குளிர்கிறது.

சாவியைத் திருகினால் பிடித்துக்கொள்ளும்.
பிடித்ததும் உதறும்.
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்
ஒரு தும்மல்,
அதோடு சரி.

அதனால் என் வலது கால் அங்கேயே இருக்கும்.
நாற்பது கட்டையும் திம்மராயன் ஒருவனே ஏற்றுவான்.
கடைசிக் கட்டு ஏறும்போது
சைலன்சரைவிட அவன் வாயில்தான் புகை அதிகம்.

தேன்கனிக்கோட்டை இனாயத் பாய் பட்டறைக்குப்
பதினோரு மணிக்குப் போய்ச் சேர்வோம்.
அங்கே வண்டி பரம சாது,
ஆஸ்பத்திரி வாசலில் அடங்கிவிடும்
பிள்ளையின் இருமல் மாதிரி.
"எங்கம்மா கம்ப்ளெயிண்ட்?" என்பார்.
என்றாலும் ப்ளக் மாற்றினார்.
அடுத்த வாரம் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார்.
சோக் கேபிளை இழுத்துக் கட்டினார்.
ஐட்லிங் திருகை முக்கால் சுற்று ஏற்றியதில்
ஓசூர் சிக்னலில் நின்றபடி அலறியது,
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
பழையபடி இறக்கச் சொன்னேன்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
மறுநாள் நாலரைக்கு
அதே தும்மல்.

நேற்று அவனை மிதிக்கச் சொல்லிவிட்டு
பக்கத்து சீட்டைத் தூக்கிச் சாய்த்தேன்.
செல்போன் வெளிச்சத்தில் இஞ்சின்.
பார்க்க ஒன்றுமில்லை.
கேட்க இருந்தது:
கேஸ்கட் போன குக்கர்போல
எங்கிருந்தோ ஒரு ஸ்ஸ்ஸ்.
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
வேக்கூம் ஓஸின் அடிப்பக்கம்
ஒரு வெடிப்பு விரலை உறிஞ்சியது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
உதறல் நின்றது.

குளிரில் ரப்பர் விறைத்து வாய் திறக்கும்,
சூடேறினால் தானாக மூடிக்கொள்ளும்.
பதினோரு மணிக்கு அதைப்
பிரம்மாவும் பார்த்திருக்க முடியாது.

சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றி
மேலே ரோஜாத் தண்டுக்குப் போடும் ரப்பர் பேண்டு
பத்துப் பன்னிரண்டு.

"காலை எடு" என்றேன்.
எடுக்கவில்லை.
"எடுய்யா."
எடுத்தான்.
யாரும் மிதிக்காமலே
ஓடிக்கொண்டிருந்தது.

இருவருமாக ஏற்றினோம்.
பாதியில் ஒருமுறை கட்டைக் கீழே வைத்துவிட்டு
ஓடிப்போய் பெடலை எட்டிப் பார்த்துவந்தான்.

புது ஓஸ் வாங்க இனாயத் பாயிடம் போகவேண்டும்.
ரப்பர் பேண்டுகளைக் கழற்றிவிட்டு
ராத்திரியே வண்டியை அங்கு நிறுத்தி வரலாமா
என்று யோசனை.
நாலரை மணிக்கு
அவரும்தான் ஒருநாள் கேட்கட்டுமே.