பிணம் எண் நாற்பத்தொன்று

மொனொங்கஹேலா ஆற்றோரம், மூடிக்கிடந்த பேரங்காடியில்
இரண்டு இரவு நான் பிணமாக நடித்தேன்.
கூலி: ஒரு சாண்ட்விச், ஒரு பனியன்,
இடுப்பில் குத்திய சீட்டில் ஓர் எண்.
என் முகத்தில் ஓட்ஸ் கூழும் பசையும் அப்பிய பெண்
"கண் இமைக்காதே தெக்லா, செத்தவர்கள் இமைப்பதில்லை" என்றாள்.
முப்பது வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள் நான்.
கடைசி வரை இமைப்பார்கள், என்றேன்.

இயக்குநர் சின்னப் பையன். ஒலிபெருக்கியில் கத்தினான்:
"பசி! பசியைத் தவிர உங்களுக்கு
வேறெதுவும் ஞாபகமில்லை!"
எழுபது பேர் நாங்கள்,
பாதி உருக்காலையோடு வேலையிழந்தவர்கள்,
மீதி கல்லூரிப் பிள்ளைகள்,
ஓடாத மின்படிக்கட்டில் கையை நீட்டிக்கொண்டு ஏறினோம்,
காலணிக் கடை இருந்த இடத்தைப் பார்த்து.
எனக்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.
அந்தக் கடையில்தான் மெத்தோடுக்குப்
புதுநன்மை ஷூ வாங்கினோம்.

மெத்தோட் என் தம்பி.
இன்னும் சாகவில்லை. அதுதான் சிக்கல்.
முதுகுவலிக்கு மாத்திரை, மாத்திரைக்குப் பிறகு ஊசி,
ஊசிக்காக என் மோதிரம்.
பாலத்தடியில் ஒருநாள் பார்த்தேன்:
நின்றபடியே மடங்கி, கைகள் தொங்க,
விழவும் இல்லை, நிமிரவும் இல்லை.
ஒப்பனைக்காரி பார்த்திருந்தால்
ஒன்றும் பூச வேண்டாம் என்றிருப்பாள்.

படம் வந்தது தவக்காலத்தில்.
காருக்குள் உட்கார்ந்து பார்க்கும் அரங்கு, மார்ச் குளிர்.
படத்தில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒரே விதி:
கதவைத் திறக்காதே.
அண்ணன் குரலில் கூப்பிட்டாலும் திறக்காதே,
அது அண்ணன் இல்லை.
எல்லோரும் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள்.
அதே விதி என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது,
ஆலோசகர் கையெழுத்தில்,
அண்ணன் என்ற இடத்தில் தம்பி.

பங்குச்சாமி ப்ளாஷ்கோவிடம் கேட்டேன்:
அந்த வெள்ளிக்கிழமை கல்லறைகள் திறந்து
எழுந்தவர்கள் எருசலேமுக்குள் நடந்தார்களாமே,
யாராவது அவர்களுக்குக் கதவைத் திறந்தார்களா?
அவர் அங்கியில் ஒட்டிய மாவைத் தட்டினார்.
"மத்தேயு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார், தெக்லா.
நானும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்."

வெள்ளிதோறும் ஆலயத்தின் அடித்தளத்தில்
மீன் பொரிப்பவள் நான். முந்நூறு பொட்டலம்.
எண்ணெய் கொதிக்கையில்தான் உறைத்தது:
பயந்தவர்கள் தாழிட்டுக் கிடந்த அறை.
உள்ளே வந்து நின்ற செத்தவன்.
கையில் ஆறாத ஓட்டை,
விலாவில் கை நுழைகிற பிளவு.
ஆவி என்று அலறினார்கள்.
அவனோ, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

யாரோ ஒருவன்,
பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை,
கடித்துவிடுமோ என்று கணக்குப் போடாமல்
ஒரு துண்டு மீனை எடுத்து நீட்டியிருக்கிறான்.
எனக்கு அந்த ஆள் போதும். பேதுரு வேண்டாம்.

எங்கள் படத்தில் பிணங்கள் சதை தின்கின்றன,
தின்னத் தின்னப் பசி.
ஞாயிறுதோறும் நான் நாக்கை நீட்டி வாங்குவதும் சதைதான்.
என் பசி தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் இந்தச் சதையை
யாரும் துரத்திப் பிடிக்கவில்லை.

எட்டரைக்கு அடுப்பை அணைத்தேன்.
ஸ்டாஷா நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
பின்கதவில் சத்தம், தட்டுவதாக இல்லை,
உரசுவதுபோல்.
கண்ணாடிக்கு அப்பால் தொங்கிய ஒரு தலை.
"தெக், நான்தான்."

படமாக இருந்தால் இங்கே இசை ஏறும்.
பாத்திரம் கழுவும் மெஷின்தான் இரைந்தது.
கைப்பையை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன்.
ஆமாம், வைத்தேன்.
பிறகுதான் தட்டை எடுத்தேன்.
ஒரே ஒரு துண்டு, வால் பக்கம், ஆறிப்போனது.
அந்தத் தாழ்ப்பாள் எப்போதும் சிக்கும்,
இரண்டு கையும் வேண்டும் அதற்கு,
தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான்
திறக்க வேண்டும்.