அரை மணி நேரம்

ஒக்போவில், கப்பல் கட்டும் தளத்தின்
இரண்டாவது வாசலுக்கு எதிரே
முகங்களுக்கு எண்ணெய் விற்கிறேன்.
மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதும்.
ஸ்கூட்டர்கள் மொத்தமாய்ப் பாலத்தில் கொட்டும்.
ஒன்றுகூட என் கடை முன் நின்றதில்லை
பான் டுசிக் வரும்வரை.

"மனைவிக்கா?"
"எனக்கு."

மாஸ்க் மூடிய இடம் மட்டும் வெளுத்து
மீதியெல்லாம் வெல்டிங் புகை.
சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து
கன்னம் வெந்த இறால் நிறத்தில்.

முள்ளை முள்ளால்
பிசுக்கை எண்ணெயால் என்றேன்.
அவன் நம்பவில்லை.
எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்றுதானே
எல்லாரும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

கை ஈரமில்லாமல் இருக்கணும், முகமும்.
பாதிப் பேர் தோற்பது இங்கேதான்.
அவன் புறங்கையில் இரண்டு சொட்டு விட்டேன்.
அழுத்தாமல், வட்டமாக.
கறுப்பு மெல்லக் கசிந்து மேலே வந்தது.
பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்;
எண்ணெய் சட்டென்று பாலானது.

சிரித்தான்.
வீடு அகல இரும்புத் தகடுகளை
நாள் முழுக்க ஒட்டவைக்கிறவன்,
ஒட்டாத இரண்டு ஒட்டியதைப் பார்த்து.

கழுவியதும்
தீப்பொறி விழுந்த புள்ளிகள் மிச்சமிருந்தன.
"அது போகாது" என்றேன்.
"அது அழுக்கில்லை" என்றான்.

நெருப்போடு நிற்பவன்,
வறண்ட தோலாகத்தான் இருக்கும் என்று
நானே முடிவு கட்டி
கமேலியா எண்ணெயை நீட்டினேன்.
கெட்டியானது. இருபத்தெட்டாயிரம் வோன்.
பேரம் பேசாமல் வாங்கிப் போனான்.

பதினெட்டாம் நாள் வந்தான்.
நெற்றி முழுக்கப் பரு,
எட்டாம் வகுப்புப் பையனைப் போல.
பாட்டிலை மேசையில் வைத்தான். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
அவன் முகத்தில் எண்ணெய் வழிந்தது,
என் முகத்தில் அசடு.

வேலையைப் பார்த்தேன், தோலைப் பார்க்கவில்லை.
ஆறு வருஷமாக இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்.

"கழுவிவிட்டு உட்காருங்கள்.
எதுவும் பூசாமல், தொடாமல், அரை மணி நேரம்.
எங்கே இழுக்கிறது, எங்கே மினுங்குகிறது
பார்ப்போம்."

உதட்டுச்சாய அடுக்குக்குப் பக்கத்து ஸ்டூலில்
முழங்காலில் கைவைத்து உட்கார்ந்தான்,
பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவது போல.
மியோங் டீச்சர் வந்தார்.
தண்ணீருக்கு அசையாத மஸ்காராவைக் கரைக்க ஒன்று.
காற்று பட்டாலே சிவக்கிற நர்ஸ் பெண் வந்தாள்.
அவளுக்கு வாசனையில்லாதது, அதிலும்
முதலில் காதுக்குக் கீழே தடவி ஒரு ராத்திரி பொறு என்றேன்.
ஸ்டூலில் இருந்தவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.
ஒரு முறை கை நெற்றிக்குப் போனது.
"தொடாதீர்கள்."
இறங்கியது.

முப்பதாவது நிமிடம்
நெற்றியும் மூக்கும் தூறலில் நனைந்த கப்பல் தளம்.
கன்னத்தில் மட்டும் பொடிச் செதில்.
"சிரித்தால் இழுக்கிறது."
"அப்ப சிரிக்காதீங்க."
சிரித்தான்.

ஒரு முகத்தில் இரண்டு ஊர்.
திராட்சை விதை எண்ணெயை எடுத்தேன், தண்ணீர் போல் மெலிது.
ஒரு நிமிடம் போதும். முழுக்கப் பாலாகும்வரை
கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணீர்.
அவசரப்பட்டால் மிச்சம் தோலிலேயே தங்கும்.
கன்னத்துக்கு மட்டும் பிறகு க்ரீம்.
பரு அடங்காவிட்டால் என்னிடம் வராதே,
தோல் டாக்டரிடம் போ.

"வெல்டிங்கிலும் அதேதான்" என்றான்.
"அவசரப்பட்டால் உள்ளே குமிழி நின்றுவிடும்.
வெளியே பார்த்தால் தெரியாது."

பணம் வாங்கவில்லை. முக்கால் பாட்டில் கமேலியாவை
இனி யாருக்கு விற்பது? வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ராத்திரி, உலர்ந்த கையோடு கண்ணாடி முன்.
ஃபவுண்டேஷன் இறங்கியது.
புருவம் இரண்டும் இறங்கின.
தண்ணீர் விட்டேன்; பாலாகி, வடிந்து, போனது.
குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்,
எதுவும் பூசாமல், தொடாமல்.

பதினோராவது நிமிடம்
கை தானாக க்ரீம் டப்பாவைத் திறந்துவிட்டது.
அவன் முப்பதும் உட்கார்ந்திருந்தான்.